கேப்டனின் முழங்கால்

விமானத்தில் பேசுகிறவர் ஓட்டமாட்டார், ஓட்டுகிறவர் பேசமாட்டார், நம் ஊர் ஷேர் ஆட்டோவில்தான் இரண்டும் ஒரே ஆள் என்று ஏகாம்பரம் தன் வகுப்புகளில் சொல்வதுண்டு, பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. இன்று அதே வாக்கியம் மனசுக்குள் வந்து உட்கார்ந்தபோது அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. சற்றுமுன் ஒலிபெருக்கியில் பேசியவர் தலைமை விமானி. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த குரல். தூத்துக்குடியில் காற்று பலமாக இருக்கிறது, இறங்கும்போது ஆட்டம் இருக்கும், பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், இப்படிக்கு நானும் என் துணை விமானி நிரஞ்சனா சொக்கலிங்கமும் என்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்து முடித்தார். அவர் பேசினார். ஆகவே அவர் ஓட்டவில்லை. ஆகவே ஓட்டுவது நிரஞ்சனா சொக்கலிங்கம். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம், பயத்துக்குத் தர்க்கம் துணைக்கு வந்துவிட்டால் அது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும். அவள் கால்களைத் தெரியும் என்று சொன்னால் இன்னும் பொருத்தம், கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாவிட்டால். அந்தக் கால்களுக்கு மிதிக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய இயந்திரம். தவறாகக் கற்றுக்கொடுத்தது என்பது இந்த விமானத்தில் இருப்பவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இயந்திரம் என்பது சென்னையில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் ஆறு இரும்புக் கால்களில் நின்று ஆடும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே விமானி அறை அச்சு அசலாக இருக்கும், விமானம் மட்டும் இருக்காது. சிமுலேட்டர் என்று பெயர், பழகியவர்கள் சிம் என்பார்கள், நாளை அவர் பேசப்போகும் கல்லூரியின் அழைப்பிதழில் பாவனை வானூர்தி என்று போட்டிருந்தார்கள், அதைப் படித்துவிட்டு அவர் தன்னைத்தானே ஒரு நாடகக் கம்பெனி முதலாளியாக நினைத்துக்கொண்டார். விமானி கையால் திருப்பினால் இறக்கைப் பலகை எவ்வளவு எழவேண்டும், காலால் மிதித்தால் வாலில் இருக்கும் சுக்கான் எவ்வளவு திரும்பவேண்டும், திரும்பியதற்கு விமானத்தின் உடம்பு என்ன பதில் சொல்லவேண்டும், எவ்வளவு தாமதமாகச் சொல்லவேண்டும், இதையெல்லாம் முடிவுசெய்யும் மென்பொருள் அவருடையது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவர் பாதி ஆயுளாகக் குடியிருக்கிறார். வீட்டில் ஏதாவது கேட்டால் உங்களிடமிருந்தும் பதில் அதே தாமதத்தில்தான் வருகிறது என்று மனைவி சொல்வாள். இப்போது ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது நிஜ இடைவெளியை. இறக்கை தலைக்கு மேலே நீண்டிருக்கும் சின்ன விமானம் இது. இறக்கையின் பின்விளிம்பில் நுனியை ஒட்டி, கீல் வைத்த கதவுபோல் ஒரு பலகை. அது எழுகிறது, இறக்கை தாழ்கிறது. தாழ்கிறது, எழுகிறது. அவர் தன்னை அறியாமல் அளக்கிறார். சரியாக இருக்கிறது. நான் எழுதியதுபோலவே இருக்கிறது என்று ஒரு கணம் பெருமை வந்து, விமானம் தன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது என்பதுபோல் நினைத்துவிட்டதற்கு வெட்கமும் வந்து, அடுத்த குலுக்கலில் இரண்டும் போயின. பலகையைப் பார்க்க முடிகிறது. ஆனால் பலகையில் தப்பில்லை. தப்பு சுக்கானில், சுக்கான் பின்னால், வாலில், எந்தப் பயணியின் கண்ணுக்கும் எட்டாத இடத்தில். அரபுக் கப்பல்காரர்களிடமிருந்து நமக்கு வந்த சொல் சுக்கான், என்ன அழகான சொல் என்று மூளை ஒரு மூலையில் வகுப்பெடுக்க ஆரம்பிக்க, வயிறு அதை எழுந்து போகச் சொன்னது.

உப்பு. எல்லாம் அந்த உப்பால் வந்தது. அப்படிப் பெயர் வைத்தவன் ரஃபீக், அவருக்கு அடுத்த மேஜைக்காரன். ஒவ்வொரு புது சிம்மையும் அதிகாரிகள் அனுமதிக்கும் முன்னால் அனுபவமுள்ள ஒரு விமானி வந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார், நிஜ வண்டி மாதிரி இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவேண்டும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வருகிறவர் கைக்கும் காலுக்கும் அது சரியாகப் படாது, இது கொஞ்சம் கனம் என்பார், அது கொஞ்சம் லேசு என்பார். அதற்காகக் கணக்கின் ஓரத்தில் ஒரு எண், கூட்டவோ குறைக்கவோ, அதுதான் உப்பு. ரஃபீக் காலையில் வந்ததும் கேட்பான், அண்ணே, இன்னிக்கு வர்ற சாமிக்கு எவ்வளவு உப்பு? சாமி ருசி பார்த்துவிட்டுப் போனதும் உப்பை எடுத்துவிட்டு, கணக்கைக் கணக்காகவே வைக்கவேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம். ஊருக்கே சமைத்த சாம்பாரில் விருந்தாளிக்காகப் போட்ட உப்பைத் திரும்ப எடுப்பது எப்படி என்று யாரும் கேட்டதில்லை, மென்பொருளில் எடுக்க முடியும் என்பதால். அன்று வந்தவர் கேப்டன் பெல்லியப்பா. குடகுக்காரர், நல்ல உயரம், மீசை, பெட்டிக்குள் ஏறும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஓட்டினார். இறங்கினார். மிதி ரொம்பக் கனம், நிஜ வண்டி இப்படி இருக்காது என்றார். ஏகாம்பரம் உப்பு போட்டார். மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, இன்னும் என்றார். இன்னும் போட்டார். கடைசியில் மிதியைத் தொட்டாலே மூக்கு திரும்பும் அளவுக்கு ஆனபிறகு, இதுதான் என் விமானம் என்று தோளில் தட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டில் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டே, வலது முழங்காலில் அறுவை நடந்து மூன்று மாதம் ஆகிறது, ஆனால் பாருங்கள், வலியே தெரியவில்லை என்றார். வலி தெரியாததற்குக் காரணம் தன் உப்பு என்று ஏகாம்பரத்துக்கு அந்த ரசத்தின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று இருந்தார். சாயங்காலம் அனுமதி வந்தது, கேக் வெட்டினார்கள். அனுமதி வந்தது அந்த எண்ணோடு. எடுத்தால் அனுமதி எதற்கு என்று ஆகும். நாளை என்று நினைத்தார். நாளை என்பது ஒரு நாள் என்று நினைத்துவிட்டது அவருடைய தப்பு, அது வருடங்களாக வளர்ந்து நின்றது. அத்தனை காலமும் புதுப் பிள்ளைகள் வந்து வந்து ஒரு வயதான மனிதரின் வலிக்கும் முழங்காலை மிதிக்கப் பழகிப் போனார்கள். நிரஞ்சனாவும் ஒருத்தி.

பக்கத்து இருக்கை அம்மாளின் பெயர் ஜெசிந்தா, சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுப் பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறாள் என்பதும், மகள் வீட்டுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்பதும், விமானம் ஏறின உடனேயே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தன. இப்போது அவள் கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் கண் அவர் காலில் இருந்தது.

“சார், எதுக்கு என் பையை மிதிக்கிய? உள்ள கேக்கு இருக்கு.”

மிதித்துக்கொண்டுதான் இருந்தார். முன் இருக்கையின் அடியில் நகர்ந்து வந்திருந்த அவளுடைய பையை, வலது காலால், அழுத்தி அழுத்தி. மன்னிப்புக் கேட்டுக் காலை இழுத்துக்கொண்டார். முதல் தடவையா என்று கேட்டாள், பயப்படாதிய, மாதா இருக்கா என்றாள். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை விளக்கித்தான் என் சம்பளம் என்று சொல்ல வாயெடுத்து, அது ஆறுதலா எச்சரிக்கையா என்று தெரியாமல் மூடிக்கொண்டார். ஜன்னலில் கடல் சாய்ந்து வந்தது, பிறகு கடல் போய் உப்பளங்கள் வந்தன, பாத்தி பாத்தியாக, வெள்ளையும் சாம்பலும் ஒரு மாதிரி இளஞ்சிவப்பும். இவ்வளவு உப்பா. மற்ற நாளென்றால் சிரித்திருப்பார். காற்று இடப்பக்கத்திலிருந்து அறைகிறது. இப்படி அடித்தால் விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்துதான் இறங்கவேண்டும், சக்கரம் தரையைத் தொட ஒரு மூச்சு இருக்கும்போது வலது காலால் மிதித்து மூக்கைப் பாதைக்கு நேராக்கவேண்டும். குறைத்து மிதித்தால் கோணலாகத் தொடும், சக்கரம் ஒரு பக்கம் இழுக்க உடம்பு ஒரு பக்கம் போகும். அதிகமாக மிதித்தால் மூக்கு மறுபக்கம் போய்ப் பாதையை விட்டே ஓடும். எவ்வளவு என்பதை யாரும் யோசித்து மிதிப்பதில்லை, காலுக்குத் தெரிந்திருக்கும். அவள் காலுக்கு என்ன தெரியும்? தொட்டாலே திரும்பும் என்று தெரியும். இப்போது அந்தக் கால் மெதுவாகத் தொடும், திரும்பாது, அந்த ஒரு மூச்சும் தீர்ந்துபோகும். பக்கத்தில் தலைமை விமானி இருக்கிறாரே, பார்த்துக்கொள்வாரே. பார்ப்பார், பார்த்துப் புரிந்து காலை வைப்பதற்குள் எவ்வளவு நேரம், இடைவெளி, இடைவெளி, அதைத்தானே வாழ்நாள் முழுக்க அளந்தோம். ஒருநாள் காபி இயந்திரத்தின் முன்னால் அந்தப் பெண் கப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சார், உங்க வண்டி ரொம்ப சொன்ன பேச்சு கேக்குது சார் என்றாள். அவர் என்ன செய்தார்? சிரித்தார். சொன்ன பேச்சுக் கேட்கிற ஒரே வண்டி அதுதான்மா என்றோ என்னவோ சாமர்த்தியமாகச் சொன்னார். எவ்வளவு சாமர்த்தியம். அவள் அன்று கேட்டது கேள்வியாக இருந்திருக்குமோ?

ஆனால் சரிசெய்துவிட்டேனே. இந்த நினைப்பு வந்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது, இதை அவர் அடிக்கடி எடுத்துத் தடவிப் பார்த்துக்கொள்வார், பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. இந்த மாத ஆரம்பத்தில் ஓடுபாதை விளக்குகளின் நிறத்தைத் திருத்தும் ஒரு சின்ன வேலை வந்தது. அதோடு சேர்த்து உப்பையும் எடுத்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. ரஃபீக்குக்குக்கூட. சொன்னால் இத்தனை நாள் ஏன் இருந்தது என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் முழங்கால் வரும், முழங்கால் வந்தால் அனுமதி போகும். விளக்குகளின் நிறம் திருத்தப்பட்டது என்று மட்டும் தெரிவித்தார், அது பொய்யில்லை, உண்மையின் ஓரத்தைச் சுருட்டி வைத்தது மட்டும்தான். இனிமேல் பழகுகிறவர்களுக்குக் கால் சரியாக இருக்கும். ஆபத்து பழையவர்களிடம் மட்டும்தான், அவர்களும் நிஜ விமானத்தில் ஓட்டி ஓட்டித் தாங்களே திருந்தியிருப்பார்கள், இவளும் திருந்தியிருப்பாள், திருந்தாவிட்டால் இவ்வளவு நாள் எப்படி, ஆனால் இவ்வளவு நாளில் இப்படி ஒரு காற்றில், ஆடிக் காற்றில், இந்த ஓடுபாதையில் இறங்கியிருப்பாளா? சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. உப்பளங்கள் பக்கத்தில் வந்தன, வரப்பில் நடக்கும் ஓர் ஆளின் சட்டை காற்றில் உப்பியிருப்பது தெரிந்தது. நிலம் ஜன்னலுக்கு நேராக வராமல் கோணலாக வந்தது, நண்டு, நண்டுபோல, இப்போது மிதிக்கவேண்டும், இன்னும் இல்லை, இப்போது, மிதி, மிதிம்மா, அவருடைய வலது கால் கேக்கைத் தேடிப் போய் அழுத்தியது, இறக்கை விசிறிகள் அலறின, முதுகு இருக்கையோடு ஒட்டியது, நிலம் மறுபடி கீழே போக ஆரம்பித்தது. இறங்காமல் ஏறிவிட்டார்கள். திரும்பவில்லை. மிதித்திருக்கிறாள், திரும்பவில்லை, கைவிட்டுவிட்டார்கள். அவர் நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது, நினைத்தபடி நடந்ததில் ஒரு கேடுகெட்ட திருப்தியும் எங்கோ மினுக்கியது, அதைக் கண்டு தனக்கே பயந்தார். ஜெசிந்தா ஜெபத்தை நிறுத்திவிட்டு, கேக் போச்சா என்று மட்டும் கேட்டாள். பின்னால் யாரோ ஒருவர் வாந்தி எடுக்க, யாரோ ஒருவர் தென்காசிப் பக்கம் சாரல் எப்படி என்று ஏதோ நடக்காததுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

தலைமை விமானி மறுபடி பேசினார், ஒன்றுமில்லை, ஒரு சுற்று சுற்றி வருகிறோம் என்றார். மறுபடி பேசியது அவர்தான். ஆகவே மறுபடியும் அவள்தான். எழுந்து போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டால் என்ன? அம்மா, நீ பழகியது பொய், அழுத்தி மிதி. தட்டினால் பணிப்பெண் பிடித்துக் கட்டிவைப்பாள், நாளை செய்தித்தாளில் வரும், சிம் வல்லுநர் நடுவானில் ரகளை. சொல்லவேண்டிய நேரத்தில் காபி இருந்தது, கதவு இல்லை. கேக் வெட்டிய அன்று ரஃபீக் இருந்தான், மேலாளர் இருந்தார், மைக் கூட இருந்தது. இப்போது கதவு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. இறங்கியதும் சொல்லிவிடுகிறேன் என்று அவர் யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டார், பக்கத்தில் மாதாவிடம் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த வரிசையில் தானும் ஒட்டிக்கொண்டார். இறங்கவிடு, சொல்லிவிடுகிறேன். கடல் மறுபடி சாய்ந்தது. உப்பளம், அந்த ஆள், அவன் சட்டை. நண்டு. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூடினால் அளக்க முடியாது. ஒரு மூச்சு இருந்தது. அப்போது வால் பக்கத்திலிருந்து ஒரு தள்ளல் வந்தது, தயக்கமில்லாமல், பூசணிக்காயை உடைக்கிற ஆள் ஓங்குவதுபோல, முழுசாக. ஜன்னலில் கோணலாக இருந்த உலகம் நேரானது. இடது சக்கரம் தொட்டது, வலது சக்கரம் தொட்டது, அவ்வளவுதான். ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பையைத் திறந்து கேக்கைப் பார்த்தாள். அவர் நம்பமுடியாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கனமான மிதி. இப்படி மிதிக்க இவள் எங்கே கற்றாள்? நம் பெட்டியில் இல்லை.

படி இறங்கி மற்றவர்கள் தரையில் போட்டிருந்த கோட்டுக்குள் வரிசையாக நடக்க, அவர் வாலைப் பார்த்துத் திரும்பினார். ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பிறகும் துணை விமானி விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பது வழக்கம், அவள் அங்கேதான் நின்றாள், மஞ்சள் மேல்சட்டை காற்றில் படபடக்க, சுக்கானை அண்ணாந்து பார்த்தபடி. கோட்டைத் தாண்டாதீங்க என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்து, அடையாளம் கண்டு, கையை உயர்த்தி அந்த ஆளைச் சமாதானம் செய்தாள்.

“ஏகாம்பரம் சார். பயந்துட்டீங்களா?”

முதலில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். மயில் என்றாள். ஒரு மயில் குறுக்கே பறந்தது, பார்க்க அழகாக இருந்தது, விசிறிக்குள் போனால் அவ்வளவு அழகாக இருக்காது. மயில். தர்க்கம் முழுவதும் ஒரு மயிலில் போய் முடிந்தது. ஆனாலும் மாதாவிடம் சொன்ன வார்த்தை இருந்தது. சிம்மின் மிதியைப் பற்றி, கேப்டனைப் பற்றி, அவர் முழங்காலைப் பற்றி, வரிசை தப்பித் தப்பிச் சொன்னார். அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள்.

“பூமிதியா சார்? அது எங்க எல்லாருக்கும் தெரியுமே.”

பூவை மிதிப்பதுபோல் தொட்டாலே போதும் என்பதால் அதற்கு அப்படிப் பெயராம். சிம்மில் பூமிதி, வண்டியில் ரெண்டு மிதி. முதல் நாளே சீனியர்கள் உட்காரவைத்துச் சொல்லிவிடுவார்களாம், பெட்டியில் எவ்வளவு மிதித்தாயோ நிஜத்தில் அதைப்போல இரண்டு பங்கு, யோசிக்காதே, ஓங்கி மிதி என்று. காலைத் தனியாகப் பழக்குவார்களாம், ஹாஸ்டல் கட்டிலின் இரும்புக் காலை மிதித்து மிதித்து. யாரும் ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்டார். செய்தால் சிம்மை மூடிவிடுவார்கள், எங்கள் தேதியெல்லாம் தள்ளிப்போகும் என்றாள், பிறகு கோபமில்லாமலேயே, நீங்க மட்டும் சொன்னீங்களா சார் என்றாள். ஏகாம்பரத்துக்கு முதலில் வந்தது நிம்மதி, உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல. இத்தனை வருடப் பயமும் ஒரு ஹாஸ்டல் கட்டிலில் தீர்ந்திருக்கிறது. அந்த வெந்நீர் முழங்கால் வரை இறங்குவதற்குள் நின்றது. ரெண்டு மிதி. இரண்டு பங்கு.

“இப்ப புதுசா முடிச்ச பிள்ளைங்களுக்கும் சொல்றீங்களா?”

“நான்தான் சார் சொன்னேன். போன வாரம்தான் முடிச்சாங்க. தங்கராஜ்னு ஒரு பையன், ரொம்பப் பயந்தவன், அவனுக்கு மட்டும் ரெண்டு தடவை சொன்னேன்.”

“அவங்க பழகுனதுல உப்பு இல்லம்மா.”

அவளுக்குப் புரியவில்லை. எடுத்துவிட்டேன் என்றார், மிதியைச் சரிசெய்துவிட்டேன், இந்த மாத ஆரம்பத்தில், யாருக்கும் சொல்லவில்லை. அவள் சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான் போய்விட்டாள் என்பதுபோல. சரியான மிதியைக் கற்றுக்கொண்ட கால்கள், அதில் இரண்டு பங்கு. மூக்கு மறுபக்கம். அவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவரைப் பார்க்காமல் கிழக்கே, கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்து இங்க இறங்குற பெங்களூர் வண்டியில கோ-பைலட்டா வலது சீட்டுல இருக்கிறது அவன்தான் சார்.”

பக்கத்தில் தலைமை விமானி இருப்பாரே என்று அவர் சொல்வதற்குள் அவள் படியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள், அவனுக்குச் சொல்ல விமானி அறையின் வானொலியைத் தேடி, ஒவ்வொரு படியாக இல்லை, இரண்டிரண்டாக. ஏகாம்பரம் அங்கேயே நின்றார். உப்பளங்களுக்கு மேலே வெகுதூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, அசையாததுபோல் இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. அதே காற்று சட்டையை அறைந்தது. தன் வலது கால் மறுபடியும் தார்த்தரையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். குறைத்து, தம்பி, குறைத்து. அவர் அந்தக் காலைத் தரையிலிருந்து மெல்ல எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு, உப்பளத்துக் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். வரிசையிலிருந்து ஜெசிந்தா, சார், காலுக்கு என்ன ஆச்சு என்று கூப்பிட்டுக் கேட்டாள். புள்ளி இரண்டு விளக்குகளாகப் பிரிந்தது. அவர் காலை இறக்கவில்லை.